சம்மதித்தது பாதுகாப்புக்கு மட்டும்தான்

என் அம்மாவின் கைப்பேசியை அவரைக் கேட்காமல் மாற்றியமைக்கும் உரிமையை யார் இந்தக் கைப்பேசி நிறுவனங்களுக்குக் கொடுத்தது? இரவு சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்தார். விடிந்து பார்த்தால், இரவோடு இரவாக வந்த மென்பொருள் புதுப்பிப்பால் திரையே வேறாக இருக்கிறது. மேலிருந்து விரலால் இழுத்தால் வந்துகொண்டிருந்த ஒரே பலகை, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று இரண்டாகப் பிரிந்துகிடக்கிறது. அழைப்பை எடுக்க மேலே தள்ளிப் பழகிய விரலைப் பக்கவாட்டில் தள்ளச் சொல்கிறது. அணைக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் கைப்பேசி அணைவதில்லை. என்ன உதவி வேண்டும் என்று கேட்டுக்கொண்டு ஒரு குரல் வருகிறது. உதவி கேட்டது யார்?

தயாரித்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லிப் பயனில்லை. எதை வாங்கியிருந்தாலும் இன்றில்லாவிட்டால் நாளை இதுதான் நடந்திருக்கும்.

அம்மா மலேசியாவின் பட்டர்வொர்த்தில் தனியாக இருக்கிறார். தொழில்நுட்பம் தெரியாத மூதாட்டி என்று யாரும் அவரை ஒதுக்கிவிட வேண்டாம். 1972இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தொழில் வட்டாரத்தில், பினாங்கின் ஒரு தலைமுறைப் பெண்களைப் போல அவரும் நுண்ணோக்கியில் கண்ணை வைத்துச் சில்லுகளைப் பரிசோதித்துத்தான் எங்களைப் படிக்கவைத்தார். அங்கே உற்பத்தி முறையில் சிறு மாற்றம் என்றாலும், சில்லை வாங்கும் நிறுவனத்துக்கு முன்கூட்டியே எழுதித் தெரிவிப்பார்கள். ஒப்புதல் வந்த பிறகுதான் கைவைப்பார்கள். வாங்குகிறவர் பெரிய நிறுவனமாக இருந்தால் அவ்வளவு மரியாதை! அத்தகைய சில்லுகளால் இயங்கும் கைப்பேசியைத் தன் சொந்தக் காசில் வாங்கிய என் அம்மாவுக்கு ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா?

அன்று காலை என்னை அழைத்தபோது அவர் குரல் நடுங்கியது. "ஐயா, என் போனுக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள்" என்றார். அவர் பயந்ததில் என்ன தவறு? வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை (செயலியை நிறுவும் கோப்பு) திறக்காதீர்கள், திரையில் வழக்கத்துக்கு மாறாக ஏதாவது தெரிந்தால் உஷாராக இருங்கள் என்று காவல்துறையும் வங்கிகளும் ஓயாமல் எச்சரிக்கும் நாடு இது. மோசடிக்கு ஆளானவர்கள் உடனே அழைப்பதற்கென்றே 2022 அக்டோபரில் 997 என்ற எண்ணைக் கொண்டுவந்தார்கள். அந்த எண்ணை அழைக்கட்டுமா என்று அம்மா கேட்டார். "யாரும் புகவில்லை அம்மா, போனைச் செய்தவர்களே மாற்றிவிட்டார்கள்" என்று சொல்லும்போதே எனக்கு வயிறு எரிந்தது. கேட்காமல் உள்ளே வந்து எல்லாவற்றையும் இடம் மாற்றிப் போட்டுவிட்டுப் போனவர்களுக்காக நான் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்!

திரை மாறியதற்கா இவ்வளவு கோபம் என்று கேட்பவர்கள் இந்த ஊரில் கைப்பேசி இன்று என்னவாக இருக்கிறது என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும். 2022 செப்டம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா அறிவித்த நடவடிக்கைகளுக்குப் பிறகு, குறுஞ்செய்தியில் கடவுஎண் அனுப்பும் முறையைக் கைவிட்டு, செயலியிலேயே ஒப்புதல் பெறும் முறைக்கு வங்கிகள் மாறின. ஒப்புதல் தர ஒருவருக்கு ஒரே கருவி. நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரே கருவியில்தான் அம்மாவின் சேமிப்பு முழுவதும் இருக்கிறது. ஃபெரிக் கட்டணமும் லெபோ பசார் கடைகளில் கியூஆர் காட்டிக் கொடுக்கும் பணமும் அதன் வழியாகத்தான் போகின்றன. அதில் அவருடைய விரல் மனப்பாடமாக அறிந்திருந்த பாதையை ஓர் இரவில் அழித்துவிட்டு, இதற்குப் "புதிய வசதிகள்" என்று பெயர் வைக்கிறார்கள்.

இதையெல்லாம்விட என்னால் பொறுக்க முடியாதது ஒன்று உண்டு. பாதுகாப்புத் திருத்தத்தையும் புது அலங்காரத்தையும் ஒரே பொட்டலமாகக் கட்டி அனுப்புகிறார்களே, அதுதான். ஓட்டையை அடைக்க வேண்டுமா, புதுத் திரையையும் சேர்த்து எடுத்துக்கொள். புதுத் திரை வேண்டாமா, ஓட்டையோடு கிட. இது மிரட்டல் இல்லாமல் வேறு என்ன? புதுப்பிப்புக்குச் சம்மதம் சொல்லும் பொத்தானை நாங்கள் அழுத்தியது திருடன் வரக்கூடாது என்பதற்காக. திரையில் இருப்பவற்றின் இடத்தை மாற்றவும் அழைப்புத் திரையைக் கலைக்கவும் எங்கே கையெழுத்துப் போட்டோம்? மாற்றியது பிடிக்கவில்லை என்று திரும்பிப் போகவும் வழி கிடையாது. பினாங்கின் கொம்தார் கட்டடத்தில் உள்ள கைப்பேசிக் கடைகளில் "பழைய மாதிரியே ஆக்கிக் கொடுங்கள் தம்பி" என்று வயதானவர்கள் கெஞ்சுவதைப் பார்த்திருக்கிறேன். கடைக்காரத் தம்பி கையை விரிக்கிறார். அவர் என்ன செய்வார், பழைய பதிப்புக்கான வழியைத் தயாரிப்பாளரே அடைத்துவைத்திருக்கும்போது?

இரண்டையும் பிரிக்க முடியாது என்ற கதையை மட்டும் என்னிடம் சொல்ல வேண்டாம். ஆண்ட்ராய்டுக்கு மாதாந்தரப் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடும் முறை 2015 ஆகஸ்டிலேயே தொடங்கிவிட்டது. 2021இல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 15 வந்தபோது, ஐஓஎஸ் 14இலேயே இருந்துகொண்டு பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் பெற்றுக்கொள்ள ஆப்பிள் வழிவிட்டது. சில மாதங்களிலேயே, அது தற்காலிக ஏற்பாடு என்று சொல்லிக் கதவைச் சாத்தியது. 2023 மே மாதத்தில், முழுப் பதிப்பையும் மாற்றாமல் அவசரத் திருத்தத்தை மட்டும் தனியாக அனுப்பியும் காட்டியது. ஆக, முடியும். மனம்தான் இல்லை.

அதே நிறுவனம் 2025 செப்டம்பரில் ஐஓஎஸ் 26 வழியாக "லிக்விட் கிளாஸ்" என்ற கண்ணாடித் தோற்றத்தைக் கொண்டுவந்தது. பின்னால் இருப்பதெல்லாம் தெரிவதால் எழுத்தைப் படிக்க முடியவில்லை என்று பல நாடுகளிலும் மக்கள் முறையிட்ட பிறகு, நவம்பரில் வந்த 26.1இல்தான் அடர்த்தியைக் கூட்டிக்கொள்ளும் தெரிவு கிடைத்தது. அதை முதல் நாளே கொடுத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? தமிழில் படிக்கிறவர்களுக்கு இந்த மங்கல் இன்னும் கொடுமை. பின்னணி கலங்கியவுடன் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி. அடுத்து இகர ஈகாரச் சுழிகள். எழுத்துரு வடிவமைத்த முத்து நெடுமாறன் போன்ற மலேசியர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்துத்தான் தமிழ் எழுத்து கைப்பேசித் திரைக்கு வந்து சேர்ந்தது. அந்த எழுத்தின் பின்னால் வேறு படங்களை ஓடவிடுவதா அழகு?

செயற்கை நுண்ணறிவுச் சுருக்கங்களும் அப்படித்தான், புதுப்பிப்போடு வந்து உட்கார்ந்தவை. 2024 டிசம்பரில் ஆப்பிளின் அறிவிப்புச் சுருக்கம் பிபிசியின் பெயரில் பொய்யான தலைப்பைக் காட்டியது. பிபிசி புகார் கொடுத்தது. அடுத்த மாதமே செய்திச் செயலிகளுக்கு அந்த வசதியை நிறுத்திவைத்தார்கள். பிபிசி எழுதினால் நிறுத்துகிறார்கள். பட்டர்வொர்த்தில் இருக்கும் ஒரு பெண்மணி எழுதினால் யார் படிப்பார்கள்?

எனவே நான் கேட்பதைத் தெளிவாகவே சொல்கிறேன். பாதுகாப்புத் திருத்தம் ஒரு பொத்தானில் வரட்டும், தோற்ற மாற்றம் வேறொரு பொத்தானில் வரட்டும். இரண்டாவதை அழுத்துவதற்கு முன் எது எங்கே நகரப்போகிறது என்பதைப் படத்துடன், தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் காட்டட்டும். வேண்டாம் என்று சொன்னவரிடம் மறுநாளும் அதற்கு மறுநாளும் வந்து நச்சரிக்காமல் இருக்கட்டும். பிடிக்காதவர் திரும்பிப் போகக் குறைந்தது ஓர் ஆண்டு அவகாசம் கொடுக்கட்டும். இந்த நாட்டில் விற்கப்படும் கைப்பேசிகளுக்குச் சான்று தேவை என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் அந்தச் சான்றுக்கான நிபந்தனைகளில் இவற்றையும் சேர்க்க வேண்டும். அடுத்த பதிப்பு வருவதற்கு முன்பே சேர்க்க வேண்டும்.