புல் தள்ளும் வாய்க்கு ஒரு கதவு வைத்துத் தந்தால் என்ன?

ஒரு புல்வெட்டும் இயந்திரத்துக்குப் பதினைந்தாயிரம் டாலர் வாங்குகிறார்கள். இருக்கைக்கு ஸ்பிரிங் உண்டு, காப்பிக் கோப்பை வைக்க இடம் உண்டு. வெட்டிய புல் பாய்ந்து வரும் வாயைக் கொஞ்ச நேரம் மூடிவைக்க ஒரு தகடு மட்டும் கிடையாது. கேட்டால் அது தனிச் சாமான், அதற்குத் தனிக் காசு. கனடாவின் ஒன்ராறியோவில் புல் வெட்டிப் பிழைக்கிறவர்களுக்கு மே மாதம் பிறந்தாலே இந்த எரிச்சலும் கூடவே பிறந்துவிடும்.

இந்த வேலையில் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் ஓட்டுவது உட்கார்ந்து இரண்டு கைப்பிடிகளால் திருப்புகிற ஜீரோ டர்ன் மோவர். அதன் வயிற்றில் 48 அங்குலமோ 60 அங்குலமோ அகலமான இரும்பு டெக், அதாவது பிளேடுகளை மூடியிருக்கும் கூடு. உள்ளே சுழலும் பிளேடுகளின் பின்விளிம்பு மேல்நோக்கி வளைந்திருக்கும். அந்த வளைவு காற்றை இழுத்துப் புல்லை நிமிர்த்தும், வெட்டிய துண்டுகளை வலது பக்க வாய் வழியாக வீசும். பிளேடு நுனியின் வேகம் நிமிடத்துக்கு 19,000 அடியைத் தாண்டக்கூடாது என்று அமெரிக்கப் பாதுகாப்புத் தரத்தில் ஒரு வரம்பு இருக்கிறது. மணிக்குக் கிட்டத்தட்ட 347 கிலோமீட்டர். தொழில்முறை இயந்திரங்கள் பலவும் அந்த வரம்பை ஒட்டித்தான் சுழல்கின்றன. அந்த வேகத்தில் வெளியே வருவது புல் மட்டுமா? சிறு கல், குச்சி, நாய் கடித்துப் போட்ட பொம்மை, எல்லாம் வரும்.

எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள். பக்கத்து வீட்டு அம்மா மண்டியிட்டுக் கொத்தி, மரப்பட்டைத் தூள் பரப்பி, பூச்செடி வைத்த பாத்தியில் விழுகிறது. புல் மட்டும் விழுந்தால்கூடப் பரவாயில்லை, அலசினால் போய்விடும். டேண்டலியன் என்கிற களையின் விதை? 2009-இலிருந்து இங்கே அழகுக்காகக் களைக்கொல்லி அடிப்பதற்குத் தடை. நல்ல சட்டம், நான் ஆதரிக்கிறேன். ஆனால் அதனால் புல்தரை எங்கும் மஞ்சள் பூ, அடுத்த வாரமே வெள்ளைப் பஞ்சு. வாயைத் திறந்துகொண்டு வேலியோரம் ஒரு சுற்றுப் போனால் அந்த விதை முழுவதையும் அவர் பாத்தியில் நானே விதைத்துவிட்டு வருகிறேன். கோடை முழுக்கக் களை பிடுங்கப்போவது அவர்தான்.

‘வாயை உள்பக்கம் பார்க்கிற மாதிரி திருப்பி ஓட்டு’ என்று புத்தி சொல்ல எல்லோருக்கும் தெரியும். எங்களுக்குத் தெரியாதா? வாய் வலப்பக்கம், அதனால் ஓரங்களை இடப்பக்கம் வைத்துச் சுற்றவேண்டும். விரிந்த தரையில் அது சரிதான். நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவே இருக்கிற ஒல்லியான புல்வரிசையில் எந்தப் பக்கம் திருப்புவது? ஒரு பக்கம் திருப்பினால் தள்ளுவண்டியில் குழந்தையோடு போகிறவர் மேல், மறுபக்கம் திருப்பினால் போகிற கார் மேல். இரண்டு வீடுகளுக்கு நடுவே உள்ள சந்தில் ஒருபக்கம் சுவரும் நிலவறை ஜன்னல் குழியும், மறுபக்கம் ஏசியின் வெளிப்பெட்டி. அந்தப் பெட்டியின் மெல்லிய தகடுகளுக்கு இடையே புல் போய் ஒட்டினால் காற்று அடைபட்டு அது திணறும். ஈரப்புல் சாலையில் கிடந்தால் மோட்டார்சைக்கிள்காரன் வளைவில் சறுக்குவான். கிடந்ததை எல்லாம் மழை மழைநீர் வடிகாலுக்குள் அடித்துப்போகும். அங்கிருந்து ஓடைக்கும் ஏரிக்கும் போய், புல்லில் இருக்கிற பாஸ்பரஸைத் தின்று பாசி வளரும். ஒரு தகடு இருந்தால் இத்தனையும் இல்லை.

சிலர் ‘மல்ச் கிட் போட்டு நிரந்தரமாக மூடிவிடு’ என்பார்கள். வாயை அடைத்து, புல்லை டெக்குக்குள்ளேயே பொடியாக்கித் தரையில் விழவைக்கிற சாமான் அது. மே மாத இறுதியில், மூன்று நாள் மழைக்குப் பிறகு, அரையடி வளர்ந்த புல்லில் அதைப் போட்டு ஓட்டிவிட்டு வந்து பேசட்டும். வெளியேற வழி இல்லாத புல் டெக்குக்குள் சுற்றிச் சுற்றி அப்பிக்கொள்ளும். எஞ்சின் இரையும், பெல்ட் வழுக்கும், தரையில் பச்சைச் சாணி உருண்டை போலக் கட்டிகட்டியாக விழும். வாடிக்கையாளர் அந்தக் கட்டிகளைப் படம் எடுத்து அனுப்புவார். எங்களுக்குத் தேவை நிரந்தர மூடி இல்லை. பாத்தி வரும்போது மூடி, தாண்டியதும் திறக்கிற கதவு. இருபது அடி தூரத்துக்கு மூடினால் எந்த எஞ்சினும் செத்துப்போகாது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. வாய்க்கு மேல் இருக்கும் ரப்பர் மடலையே தூக்கி, கொக்கிக் கயிற்றால் கட்டிவிட்டு ஓட்டுகிறார்கள். புல் நன்றாகப் பரவுமாம், கேட்டைக் கடக்க வசதியாம். அந்த மடல் வீசப்படும் கல்லைத் தரையை நோக்கித் திருப்புவதற்கென்றே இருக்கிறது. அதைக் கட்டிவைத்துவிட்டு, பிள்ளைகள் விளையாடுகிற தெருவில் ஓட்டுகிறவனைப் பார்த்தால் எனக்கு வாய்க்கு வந்தபடி திட்டத் தோன்றும். திட்டியும் இருக்கிறேன்.

சரி, காசு கொடுத்தே கதவை வாங்குவோம் என்று டீலரிடம் போனால்? ‘சூட் பிளாக்கர்’ என்று விற்கிறார்கள். ஒரு தகடு, ஒரு கீல், ஒரு நெம்புகோல், சில நூறு டாலர். அதிலும் இந்த வருட டெக்குக்குப் பொருந்துவது போன வருட டெக்குக்குப் பொருந்தாது, துளைகள் தள்ளி இருக்கும். என் மாடலுக்கு ஆர்டர் போட்டால்தான் வருமாம், எப்போது வரும் என்று சொல்லமுடியாதாம். நானே செய்துகொள்கிறேன் என்றால், டெக்கில் துளை போட்டால் உத்தரவாதம் போய்விடும் என்று மிரட்டல். நீயும் தரமாட்டாய், என்னையும் செய்யவிடமாட்டாயா?

செய்தேன். செய்யும்போதுதான் கோபம் இன்னும் ஏறியது, ஏனென்றால் இதில் யோசிக்கவேண்டிய எல்லாவற்றையும் இயந்திரத்தை வரைந்தவர்கள் முன்பே யோசித்திருக்கலாம். முதல் சிக்கல் கை. இரண்டு கைகளும் இரண்டு கைப்பிடிகளில் இருக்கின்றன. கதவை இழுக்க ஒரு கையை எடுத்தால் வண்டி சட்டென்று ஒருபக்கம் திரும்பும், அதுவும் சரியாகப் பாத்திக்குப் பக்கத்தில். ஆகவே காலால் மிதிக்கிற பெடல்தான் வேண்டும். அடுத்தது, டெக் ஏறி இறங்குகிறது. மூன்று அங்குலத்தில் வெட்டும்போது ஓர் இடம், நடைபாதை ஏறும்போது வேறோர் இடம். பெடலை வண்டியின் சட்டகத்தில் வைத்து, கதவை டெக்கில் வைத்து, நடுவே கம்பி கொடுத்தால், டெக்கைத் தூக்கும்போதெல்லாம் கதவு தானே அசையும் அல்லது கம்பி வளையும். பெடல், கீல், கம்பி எல்லாமே டெக்கின் மேலேயே இருக்கவேண்டும்.

தகட்டுக்கு 3/16 அங்குலத் தடிமன் உள்ள அலுமினியச் செக்கர் தகடு போதும். முதலில் அட்டையில் வெட்டி வைத்துப் பார்க்கவேண்டும். ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டு, தடித்த கையுறையோடு பிளேடுகளைக் கையால் சுற்றி, தகட்டுக்கும் நுனிக்கும் நடுவே தாராளமாக இடைவெளி இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு துளையும் போடக்கூடாது. போல்ட்டின் வட்டத் தலை உள்பக்கம், நட்டு வெளிப்பக்கம், அதுவும் நைலான் வளையம் உள்ள நட்டு. அதிர்வில் ஒரு நட்டு கழன்று உள்ளே விழுந்தால் அது துப்பாக்கிக் குண்டு. தகட்டின் கீழ்விளிம்பு டெக்கின் விளிம்புக்குக் கீழே இறங்கினால் நடைபாதை ஓரத்தில் இடித்து எல்லாம் பிடுங்கிக்கொண்டு வரும். கொஞ்சம் மேலேயே நிறுத்தி, மிச்ச இடைவெளிக்கு லாரி மட்கார்டு ரப்பரை வெட்டித் தொங்கவிட்டேன். பாதியில் நிற்காமல், திறந்தால் முழுதாகத் திறந்தும் மூடினால் முழுதாக மூடியும் இழுத்துப்பிடிக்க ஒரு ஸ்பிரிங். ரப்பர் மடலைத் தொடவே இல்லை. கதவு அதற்கு உள்ளே, மடல் அதன் இடத்தில்.

சாமான் செலவு கடைக்காரன் சொன்ன விலையில் கால்வாசிகூட வரவில்லை. இப்போது அந்த அம்மாவின் பாத்தி வந்ததும் மிதிக்கிறேன், தாண்டியதும் விடுகிறேன். அவ்வளவுதான் வேலை! இந்தச் சின்ன வசதியைத் தொழிற்சாலையில் டெக்கை வெல்டு செய்யும்போதே வைத்தால் அவர்களுக்கு என்ன செலவாகிவிடும்? துளைகளையாவது எல்லா டெக்கிலும் ஒரே அளவில் போட்டுத் தரலாமே. கதவைத் தனியாக விற்றால் லாபம், அதனால் வைக்கமாட்டார்கள். அந்த லாபத்துக்கு விலை கொடுப்பது வேலியோரத்துப் பூச்செடியும் நடைபாதையில் போகிற பிள்ளையும்.

இந்த வசந்தத்தில் புது இயந்திரம் வாங்கப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் டீலரிடம் கேளுங்கள், அந்த வாயை மூடும் கதவை இந்த விலைக்குள்ளேயே பொருத்தித் தருவாயா மாட்டாயா என்று. மாட்டேன் என்றால் பேனாவை மூடிவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.