ஒரு வினைச்சொல், ஓயாத தலைவலி

தேவையைக் குறிக்கும் 'நீட்' என்ற ஆங்கில வினைச்சொல்லைக் கற்பவரை இப்படியா அலைக்கழிப்பது? 'ஹி நீட்ஸ் டு கோ' என்னும்போது 'எஸ்' வேண்டும், 'டு'வும் வேண்டும். 'ஹி நீட் நாட் கோ' என்று மறுத்த மாத்திரத்தில் இரண்டையும் கழற்றிவிட வேண்டும். அதே மறுப்பை 'டஸ் நாட்' போட்டுச் சொன்னாலோ 'டு' மட்டும் திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளும்.

இறந்தகாலம் இன்னும் கொடுமை. 'நீட் நாட் ஹேவ் கான்' என்றால் அவர் போய்விட்டார், போனது வீண். 'டிட் நாட் நீட் டு கோ' என்றால் போகும் அவசியம் இருக்கவில்லை என்பது மட்டுமே தெரியும், போனாரா இல்லையா என்பதை அந்த வாக்கியம் சொல்லவே சொல்லாது. பொருளையே புரட்டிப்போடும் இந்த வேறுபாட்டைப் பாடநூலில் ஓர் ஓரத்தில் இரண்டு வரியில் சொல்லிவிட்டுப் பயிற்சியில் மட்டும் விடாமல் கேட்பது என்ன நியாயம்?

கட்டாயத்தைக் குறிக்கும் 'மஸ்ட்' என்பதற்கு 'மஸ்ட் நாட்'தான் எதிர்மறை என்று மனப்பாடம் செய்ய வைப்பதை என்னால் பொறுக்கவே முடியவில்லை. 'மஸ்ட் நாட்' என்பது தடை; அவசியமின்மைக்கு 'நீட் நாட்'தான். 'நீங்கள் வர வேண்டியதில்லை' என்று பணிவாக எழுத நினைத்து, 'நீங்கள் வரக் கூடாது' என்று மின்னஞ்சல் அனுப்பிவிடுகிறவரை எப்படிக் குறை சொல்வது?