அந்த நர்ஸ் கேட்ட ஒரு கேள்வி

ஆபரேஷனுக்கு முன்னாடி 6 மணி நேரம் கெட்டியா எதுவும் சாப்பிடக்கூடாதுன்னு நர்ஸுங்க வேலையப் பத்தின உங்க கட்டுரைல போட்டிருக்கீக, அத எங்க வீட்டுல யாரும் பெருசா எடுத்துக்கல. காரைக்குடில எங்க அப்பத்தாவுக்கு இடுப்பெலும்பு ஆபரேஷன், பசிக்குமேன்னு காலைல நானே ரெண்டு கந்தரப்பம் ஊட்டி விட்டுட்டேன். "ஆச்சி, கடைசியா என்ன சாப்டீக?"ன்னு நர்ஸ் கேட்டப்பதான் வெளிய வந்துச்சு, உடனே டாக்டர்ட்ட சொல்லி சாயந்தரத்துக்குத் தள்ளி வச்சாக, மயக்கத்துல சாப்பாடு மேல ஏறி நுரையீரலுக்குள்ள போயிருமாம், நெனச்சா இப்பவும் பதறுது. மூக்குத்திய வலிக்காம கழட்டி எங்கையில குடுத்ததும் அந்தப் பொண்ணுதான், கால்ல ரத்தம் கட்டிறக்கூடாதுன்னு மறுநாளே வாக்கர் புடிச்சு நாலு எட்டு நடக்க வச்சதும் அதுதான். ராத்திரி வார்டுல ஒரு நர்ஸுக்கு எத்தன நோயாளிங்கிறதயும் அடுத்த தடவ எழுதுங்க.