அடுப்பைக் கேட்டா ரேஷன் கார்டை நீட்டாதீங்க!

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வந்தவர் "இந்த வீட்டில் எத்தனை குடும்பம்?"னு கேட்டதும், உள்ளே போய் ரேஷன் கார்டைத் தூக்கிட்டு வர்ற பழக்கத்தை எப்பத்தான் விடப்போறோம்? கார்டை நீட்டுறவங்களைக்கூட மன்னிச்சிரலாம். பயிற்சி முடிச்சுட்டு வந்த கணக்கெடுப்பாளரே "கார்டு குடுங்க, பாத்து எழுதிக்கிறேன்"னு திண்ணையில் உக்கார்றதுதான் வயித்தெரிச்சலுங்க.

சென்சஸுக்கும் ரேஷன் கார்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வழக்கமா ஒண்ணா வசிச்சு, ஒரே சமையலில் சாப்பிடுறவங்கதான் சென்சஸ் கணக்கில் ஒரு குடும்பம். வேலைக்காக மத்தியானம் வெளியே சாப்பிட்டாலும் பரவாயில்லை. ரத்த சொந்தமா இருக்கணும்கிற கட்டாயமும் இல்லை.

தோட்டத்து வீட்டையே எடுத்துக்குங்க. நடுவுல ஒரே ஆசாரம், அதாவது கூடம். வடக்க அண்ணன் சமையல், தெக்க தம்பி சமையல். கார்டு மட்டும் அப்பா பேர்ல ஒண்ணு. உடனே "ஒரு குடும்பம், ஒன்பது பேர்"னு எழுதிட்டுப் போயிடறாங்க. தப்புங்க! அது ரெண்டு குடும்பம். தண்ணி, கக்கூஸ், கேஸ், எத்தனை ரூம் புழங்குறாங்க, எத்தனை தம்பதி இருக்காங்கங்கிற கணக்கெல்லாம் குடும்ப வாரியாத்தான் ஏறுது. அடிப்படையே கோணலானா மேல இருக்கிற அட்டவணை அத்தனையும் கோணல். அம்மா மாசம் ஒரு மகன்கிட்ட முறை வச்சுச் சாப்பிடுறாங்களா? கணக்கெடுக்கிற நாட்களில் எந்த வீட்டுச் சோறோ, அந்த வீட்டில் எழுதுங்க. ரெண்டு பக்கமும் எழுதக்கூடாது, "அங்க எழுதியிருப்பாங்க"ன்னு ரெண்டு பக்கமும் விட்டுறவும் கூடாது.

கார்டில் பேர் இருக்குன்னு, பெங்களூரு ஹாஸ்டலில் இருக்கிற பையனையும் இங்க சேர்க்கிறாங்க. 2011-ல் பிப்ரவரி 9 முதல் 28 வரை கணக்கெடுத்தாங்க. அந்த நாட்கள் முழுக்க வெளியூரில் இருந்தவருக்கு அந்த ஊர்லதான் கணக்கு. இங்கயும் எழுதினா ஒரே ஆள் ரெண்டு தடவை.

உண்மையைச் சொன்னா கார்டை வெட்டிருவாங்கன்னு ஒரு பயம் வேற. 1948-ஆம் வருஷத்துக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவைப் படிச்சுப் பாருங்க. நீங்க சொன்னதை வேற யாரும் பார்க்க முடியாது, கோர்ட்டில் சாட்சியமாவும் வைக்க முடியாது.

இதைவிடக் கொடுமை திருப்பூர் லைன் வீடுகளில் நடக்குது. ஒரே ரூமில் ஆறு ஒடிசா பசங்க, ஒரே குக்கரில் சோறாக்கிச் சாப்பிட்டா அது ஒரு குடும்பம். அதுல ரெண்டு பேர் மட்டும் சேர்ந்து தனியா ஆக்கிக்கிட்டா ரெண்டு குடும்பம். கம்பெனியே ஹாஸ்டலும் மெஸ்ஸும் நடத்தினா நிறுவனக் குடும்பம்னு தனி வகை. இவ்வளவு தெளிவா இருந்தும், "அவங்க நம்மூர் ஆளுங்க இல்லைங்க, விட்ருங்க"ன்னு வீட்டு ஓனர் சொல்றார், கணக்கெடுப்பாளரும் விட்டுட்டுப் போறார்! எங்க பொறந்தாங்க, கடைசியா எங்க குடியிருந்தாங்கன்னு கேட்கத் தனிக் கேள்வியே இருக்குதே. நைட் ஷிப்ட் பாத்துட்டு உள்ளே தூங்குறவங்க கதவைத் திறக்கலைன்னா "வீடு பூட்டியிருக்கு". சாயங்காலம் இன்னொரு நடை வந்தா என்னங்க?

பொம்பளைங்க வேலையை எழுதுற லட்சணத்தைப் பார்த்தா ஆத்திரம் தாங்கலை. "வீட்ல சும்மாதானுங்க இருக்குது"ன்னு வீட்டுக்காரர் சொன்ன உடனே 'வீட்டுப் பணி', அதாவது வேலை செய்யாதவர்! விடியக்காலம் எந்திரிச்சு, மாடு கட்டுற கட்டுத்தரை கூட்டி, ரெண்டு எருமை கறந்து, சொசைட்டிக்குப் பால் ஊத்துறது சென்சஸ் கணக்கில் வேலை. வீட்டுச் செலவுக்கு மட்டும் கறந்தாலும் வேலைதான். புருஷன் ஓட்டுற விசைத்தறிக்குக் கூலியில்லாம தார் (ஊடை நூல் குழல்) சுத்திக் குடுக்கிறதும் வேலைதான். வருஷத்தில் ஆறு மாசமோ அதுக்கு மேலயோ செஞ்சா முதன்மைத் தொழிலாளர், குறைஞ்சா குறுந்தொழிலாளர். சம்பளம் வந்தாத்தான் வேலைன்னு எந்த விதியிலும் இல்லை.

2027 மார்ச் 1-ஐ அடிப்படையா வச்ச கணக்கெடுப்புக்கு வர்றவங்களாவது, திண்ணையில் இருக்கிற ஆம்பளைகிட்ட மட்டும் கேட்டுட்டு எந்திரிக்காம, கட்டுத்தரையில் நிக்கிற அந்தம்மாவைக் கூப்பிட்டு, போன வருஷம் என்னென்ன செஞ்சீங்கன்னு கேட்டு எழுதுங்க.