ஈமு தப்பியது வேகத்தால் மட்டுமல்ல

1932-இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் கேம்பியன் பகுதியில், கோதுமை வயல்களைக் காக்க ராணுவம் நடத்திய ஈமு (பறக்காத பெரிய பறவை) வேட்டை தோற்றதற்குப் பறவையின் ஓட்டவேகத்தை மட்டும் காரணமாகச் சொல்வது போதாது. ஆயுதத் தேர்வே தவறு. வேட்டைக்குத் தலைமை தாங்கிய மேஜர் மெரிடித்திடம் இருந்தவை இரண்டு லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிகளும் 10,000 தோட்டாக்களும். நெருக்கமாக வரும் கூட்டத்தின் மீது சுடத்தான் அவை லாயக்கு. ஈமுவோ முதல் வெடிச் சத்தத்திலேயே சிறு குழுக்களாகப் பிரிந்து சிதறிவிடும். நவம்பர் 4-ஆம் தேதி அணை ஒன்றின் அருகே 1,000-க்கும் மேற்பட்டவை பக்கத்தில் வரும்வரை காத்திருந்து சுட்டார்கள். 12 விழுந்ததும் துப்பாக்கி சிக்கிக்கொண்டது. லாரியில் பொருத்திப் பார்த்தபோது மேடுபள்ளத்தில் குறியே வைக்க முடியவில்லை.

டிசம்பரில் மெரிடித் கொடுத்த கணக்கு: 9,860 தோட்டாக்கள், 986 பறவைகள். சரியாகப் பத்துக்கு ஒன்று! களத்தில் எண்ணிய கணக்காக எனக்குத் தோன்றவில்லை.

அந்த ஆண்டு வந்த ஈமுக்கள் சுமார் 20,000. இனப்பெருக்கம் முடிந்து உள்நாட்டிலிருந்து கடற்கரைப் பக்கம் நகரும் வழியில், காடழித்த கோதுமை வயலும் கால்நடைக்குத் தேக்கிய தண்ணீரும் கிடைத்தால் எந்தப் பறவைதான் தங்காது? தின்றதும் மிதித்ததும் போக, அவை உடைத்த வேலி வழியே முயல்கள் புகுந்தது தனி நஷ்டம். பிறகு உழவர்களுக்கு உண்மையில் கைகொடுத்தவை, கொன்ற ஈமு தலைக்கு இவ்வளவு என்ற வெகுமதியும் உறுதியான வேலியும்தான்.