சின்னப் பசங்கதானே!

“ஒத்திகைக்கு எதுக்கும்மா டிரஸ்? அன்னிக்குப் போட்டுக்கிட்டா போதாதா?”

இதைக் கேட்டவர் எங்கள் கல்லூரி அலுவலகத்தில் பில் பாஸ் பண்ணுகிறவர். நல்ல மனிதர்தான். ஆனால் இந்தக் கேள்வியை ஒவ்வொரு நவம்பரிலும் யாராவது ஒருவர் கேட்காமல் விடுவதில்லை. அவர் கேட்கவில்லையென்றால் ஹால் சாவி வைத்திருப்பவர் கேட்பார். அவரும் விட்டால் நாடகத்தில் முயலாக நடிக்கிறவளே கேட்பாள். போதும் சாமி. இன்றைக்குக் கொட்டித் தீர்த்துவிடுகிறேன்.

எங்கள் நாடக மன்றம் வருடா வருடம் குழந்தைகள் தினத்துக்கு ஒரு சிறுவர் நாடகம் போடும். சுற்றுவட்டார ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளிலிருந்து ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை பிள்ளைகள் வருவார்கள். நடிப்பது எல்லாம் பி.காம்., பி.எஸ்சி. படிக்கிறவர்கள். இந்த முறை கதையை நாங்களே எழுதினோம்: காட்டில் இருந்த குளம் திடீரென்று காணாமல் போகிறது, காக்கா ஒன்று கரடியை இழுத்துக்கொண்டு அதைத் தேடிக் கிளம்புகிறது. முக்கால் மணி நேர நாடகம். நான் நடிப்பதில்லை. திரைக்குப் பின்னால் நின்று லைட்டுக்குக் குரல் கொடுப்பது, ப்ராப்பர்ட்டி, அதாவது மேடையில் கையாளுகிற பொருட்களை எடுத்துக் கொடுப்பது, டிரஸ் மாற்றிவிடுவது இதெல்லாம் என் வேலை. அதனால் மேடையில் எது சொதப்பினாலும் எல்லோரும் முதலில் திரும்பிப் பார்ப்பது என்னைத்தான்.

நாடகத்துக்கு முதல் நாள் உடையோடு பார்க்கிற கடைசி ஒத்திகையை டிரஸ் ரிகர்சல் என்பார்கள், சபா நாடகக்காரர்கள் கிராண்ட் ரிகர்சல் என்பார்கள். பெயர் எதுவானாலும் சட்டம் ஒன்றுதான். நாளைக்கு நடக்கப்போவது எல்லாம் இன்றைக்கே நடக்க வேண்டும். அதே உடை, அதே மேக்கப், அதே லைட், அதே மைக். திரை விலகியதிலிருந்து மூடும் வரை நடுவில் நிறுத்தவே கூடாது. வசனம் மறந்துபோனால் நாளைக்கு எப்படிச் சமாளிப்பாயோ அப்படி இன்றைக்கே சமாளி.

ஏன் இவ்வளவு கறார்? கரடியையே எடுத்துக்கொள்ளுங்கள். கரடித் தலை ஃபோமில் செய்தது. அதற்குள் தலையை விட்டால் வெளியே பேசுவதில் பாதி காதில் விழாது. பார்ப்பதற்கு இருக்கிற ஒரே வழி, வாய் இருக்கும் இடத்தில் தைத்திருக்கிற வலை. சுடிதாரில் ஒத்திகை பார்க்கும்போது படிகளில் தாவி வந்த பெண், தலையை மாட்டியதும் படி எங்கே என்று காலால் துழாவுகிறாள். அவள் எப்போது பேச வேண்டும் என்று காக்கா வசனத்தில் கொடுக்கிற க்யூ அவளுக்குக் கேட்பதில்லை. அவள் பேசுவது வெளியே யாருக்கும் கேட்பதில்லை. சரி, காலர் மைக் மாட்டலாம் என்றால், உரோமத் துணி மைக்கில் உரசி கரகரவென்று ஒரு சத்தம். வியர்வை இறங்கினால் அதுவும் நின்றுவிடும். இதில் எதுவுமே வகுப்பறையில் பெஞ்சை ஒதுக்கிவிட்டுப் பார்த்த ஒத்திகையில் தெரியாது. உடை போட்டு, லைட் போட்டு, ஒரே மூச்சில் ஓடினால்தான் தெரியும். தெரிந்தால் ஒரு இரவு கைவசம் இருக்கும், சரி செய்துகொள்ளலாம். அந்த ஒரு இரவுக்காகத்தான் இத்தனை சண்டையும்.

முதல் சண்டை வாடகை. நவம்பர் 14 வந்தால் ஊரில் எந்தப் பள்ளியைப் பார்த்தாலும் மாறுவேடப் போட்டி. டிரஸ் வாடகைக் கடை வாசலில் அம்மாக்கள் கூட்டம். நேரு கோட்டு, பாரதியார் தலைப்பாகை, ஜான்சி ராணி வாள் எல்லாம் வாரக்கணக்கில் முன்பே புக் ஆகியிருக்கும். மிருக வேஷம் இருக்கும், ஆனால் எல்லாம் யு.கே.ஜி. அளவு. பெரியவர்கள் போடுகிற கரடி கடைக்கு ஒன்று இருந்தால் அதிசயம். அதுவும் நாள் வாடகை. முதல் நாள் மதியம் எடுத்தால் இரண்டு நாள் கணக்கு. அந்த இரண்டாவது நாள் காசுக்குத்தான் அலுவலகத்தில் அந்தக் கேள்வி. நாங்கள் கைக்காசைப் போட்டு எடுத்தோம், அது வேறு கதை. கோபம் காசுக்காக இல்லை. அதே வாரம் அதே அலுவலகம் மேடைக்குப் பின்னால் கட்ட ஃப்ளெக்ஸ் அடிக்க ஒரு கேள்வியும் கேட்காமல் பணம் கொடுத்தது.

ஃப்ளெக்ஸ் என்றதும் ஹால் நினைவுக்கு வருகிறது. மதியம் 2 மணியிலிருந்து சாயங்காலம் 6 வரை ஹால் உங்களுக்கு என்று எழுதியே கொடுத்திருந்தார்கள். இரண்டு மணிக்குப் போய் நின்றால் மேடையில் விழா ஒத்திகை ஓடுகிறது. குத்துவிளக்கை எந்தப் பக்கம் வைப்பது, மெழுகுவத்தியை யார் கொண்டுவந்து கொடுப்பது, நினைவுப் பரிசுத் தட்டை ஏந்தும் பெண்கள் எந்த வரிசையில் வருவது. சிறப்பு விருந்தினருக்குப் பதிலாக ஒரு முதலாமாண்டுப் பையனை நிறுத்தி வைத்துப் பொன்னாடை போர்த்திப் பார்த்தார்கள். இடது பக்கமிருந்து வந்து போர்த்தினால் போட்டோவில் முகம் மறைகிறதாம். எனவே வலது பக்கமிருந்து மறுபடியும். பையன் வெட்கத்தில் நெளிகிறான், நாங்கள் வாசலில் கரடித் தலையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

பாருங்கள், இவர்களுக்கு ஒத்திகையின் அருமை தெரியாமல் இல்லை. ரொம்ப நன்றாகத் தெரியும். நிஜ ஆளுக்குப் பதிலாக ஆள் நிறுத்தி, நிஜமான பொன்னாடையை வைத்து, எந்தக் கோணத்தில் கேமரா என்பது வரை பார்க்கிறார்கள். நான் கேட்பதும் அதைத்தானே? பெரியவர் ஒருவர் அரை நிமிடம் மேடையில் நிற்பதற்கு அவ்வளவு ஒத்திகை வேண்டும். ஹால் கொள்ளாத பிள்ளைகள் முக்கால் மணி நேரம் பார்க்கப்போகும் நாடகத்துக்கு வேண்டாம். கேட்டால் ஒரு சிரிப்பு. அப்புறம் அந்த வாக்கியம்.

“சின்னப் பசங்கதானேம்மா பாக்கப் போறாங்க. அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க.”

மைக் செட் அண்ணனும் இதையேதான் சொன்னார். “நாளைக்குக் காலைல வந்து கட்டிடறேன் பாப்பா, சின்னப் புள்ளைங்க ப்ரோக்ராம்தானே.” இன்றைக்கு ஒரு கல்யாண வீட்டில் அவருக்கு வேலை. அவர் மேல்கூட எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்குக் கல்லூரி பேசிய வாடகையே ஒரு நாளைக்குத்தான்.

கோபம் எங்கள் ஆட்கள் மேலும் இருக்கிறது, சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. கடைசியில் ஹால் கைக்கு வந்தபோது மணி நாலரை. இருக்கிற நேரத்தில் ஒரே ஓட்டம் ஓடிவிடலாம் என்று பார்த்தால், முயல் ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருக்கிறாள். நரி வாலோடு கேன்டீனுக்குப் போய்விட்டான், திரும்பி வரும்போது வாலில் டீ. கடைக்காரர் துவைக்கும் காசு தனியாகக் கேட்பார். ஆரம்பித்தால் ரெண்டு நிமிடத்துக்கு ஒரு முறை யாராவது சிரித்துவிட்டு “சாரி சாரி, அங்கிருந்து மறுபடி” என்கிறார்கள். மறுபடி கிடையாது என்று மேடை ஓர விங்ஸிலிருந்து நான் கத்துகிறேன். “என்னக்கா, நாம என்ன ப்ரொஃபெஷனல் ட்ரூப்பா?” என்கிறான் ஆமை.

1891-ல் சென்னையில் சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கியபோது பம்மல் சம்பந்த முதலியாருக்கு வயது 18. உன்னைவிட ஒரு வயது சின்னவர்டா! அந்த சபையில் இருந்தவர்களும் நடிப்பால் சோறு தின்றவர்கள் இல்லை. படித்தவர்கள், உத்தியோகம் பார்த்தவர்கள். நாடகம் ஆடுவது கௌரவக் குறைச்சல் என்று ஊர் நினைத்த காலத்தில் அதைப் பொழுதுபோக்காகவே, ஆனால் மரியாதையாகச் செய்தார்கள். சம்பளம் வாங்கினால்தான் வேலையை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று எந்த ஊரில் சட்டம்?

இதையெல்லாம் நான் அங்கே சொல்லவில்லை. அங்கே “ஓடுங்கடா” என்று மட்டும்தான் சொன்னேன். பாதி நாடகம் ஓடியது. ஆறு மணிக்கு வாட்ச்மேன் தாத்தா சாவியை ஆட்டிக்கொண்டு வந்து நின்றார். அவ்வளவுதான் டிரஸ் ரிகர்சல்.

இந்தச் “சின்னப் பசங்கதானே” விஷயத்துக்கு வருகிறேன், இதுதான் என்னை நிஜமாகவே எரிக்கிறது. பெரியவர்களுக்கு நாடகம் போடுவது சுலபம். பிடிக்காவிட்டாலும் உட்கார்ந்திருப்பார்கள், போனைப் பார்ப்பார்கள், முடிந்ததும் கை தட்டுவார்கள். பிள்ளைகளிடம் அந்த நாடகமெல்லாம் நடக்காது. சலித்துப்போனால் அடுத்த நிமிடமே பக்கத்துப் பையனின் தலையில் தட்டுவார்கள். சத்தம் கேட்கவில்லையென்றால் “கேக்கல!” என்று கத்துவார்கள். மேடையில் ஒருவர் கேள்வி கேட்டால் பதில் சொல்லிவிடுவார்கள். அந்தப் பதிலுக்கு இடம் விட்டு நடிக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த வசனம் அவர்கள் சத்தத்தில் மூழ்கிவிடும். புதுச்சேரியில் வேலு சரவணன் பல வருடமாகச் சிறுவர் நாடகம் போட்டுவருகிறார், பிள்ளைகளையும் நாடகத்துக்குள் இழுத்துக்கொள்வார். அது ஏதோ தோன்றியபடி நடப்பதுபோல இருக்கும். தோன்றியபடி நடப்பதுபோல இருக்க எவ்வளவு பழக்கம் வேண்டும் என்பது மேடையில் ஒரு தடவை நின்றவர்களுக்குத் தெரியும். டெல்லியில் தேசிய நாடகப் பள்ளி 1989-ல் குழந்தைகளுக்காகத் தனியாக ஒரு குழுவையே தொடங்கியது. மிச்சம் மீதியை வைத்துச் செய்கிற வேலை என்று அவர்கள் நினைக்கவில்லை.

அட, அவ்வளவு தூரம் ஏன்? 1918-ல் மதுரையில் நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் சிறுவர்களை மட்டும் வைத்து ஒரு நாடக சபை தொடங்கினார். சின்னப் பையன்கள் நடித்தார்கள், ஊர்ப் பெரியவர்கள் டிக்கெட் வாங்கி உட்கார்ந்து பார்த்தார்கள். நூறு வருடம் கழித்து இன்று பெரிய பசங்கள் நடிக்கிறோம், சின்னவர்கள் பார்க்கிறார்கள். அந்தச் சின்னவர்களுக்காக ஒரு மதிய நேரம் ஹாலைத் திறந்துவிட நம் பெரியவர்களுக்கு மனசு வரவில்லை.

ஒத்திகைக்குப் பத்துப் பிள்ளைகளையாவது கூட்டி வந்து முன்னால் உட்கார வைக்கலாம், ஆசிரியர்கள் வீட்டுப் பிள்ளைகள் இருந்தாலே போதும் என்று முன்கூட்டியே கேட்டிருந்தேன். எங்கே சிரிக்கிறார்கள், எங்கே நெளிகிறார்கள் என்று தெரிந்துவிடும். “முன்னாடியே பாத்துட்டா நாளைக்கு சுவாரசியம் போயிடுமே” என்று பதில் வந்தது. ஒரே கதையைத் தினமும் ராத்திரி கேட்டுத் தூங்குகிற பிள்ளை ஒன்றைக்கூட இவர்கள் பார்த்ததில்லையா?

மறுநாள் என்ன ஆயிற்று? ஊகிக்கக் கஷ்டமில்லை. காலையில் மழை, அதனால் வேன்கள் லேட். பிள்ளைகளைச் சாப்பாட்டுக்குள் திருப்பிக் கொண்டுபோய் விட வேண்டும் என்பதால் நாடகத்தைச் சுருக்கச் சொன்னார்கள். பேச்சுகளைச் சுருக்கச் சொல்லவில்லை. பொன்னாடை கச்சிதமாக விழுந்தது, வலது பக்கமிருந்து.

நாடகத்தில் காக்கா முன்னால் வந்து, “குளத்துத் தண்ணியெல்லாம் எங்கே போச்சு?” என்று கேட்கும். எழுதும்போது அது தனக்குத்தானே கேட்டுக்கொள்கிற கேள்வி. ஹால் மொத்தமும் “யானை குடிச்சிருச்சு!” என்று ஒரே குரலில் பதில் சொல்லிவிட்டது. காக்கா வாயடைத்து நின்றது. நின்றது, நின்றது, அப்புறம் அதே வசனத்தை மறுபடியும் கேட்டது. பிள்ளைகள் இன்னும் சத்தமாகச் சொன்னார்கள். காது கேட்காத காக்கா என்று நினைத்திருப்பார்கள். காட்சி மாறுவதற்காக மொத்த லைட்டையும் அணைத்தோம். ஆறு வயதுப் பிள்ளைகள் இருக்கிற ஹாலில் திடீரென்று கும்மிருட்டு வந்தால் என்ன ஆகும்? முன்வரிசையில் ரெண்டு பேர் அழ ஆரம்பித்தார்கள், மற்றவர்கள் அலறினார்கள், அந்த அலறலில் அடுத்த காட்சியின் முதல் வசனங்கள் போயே போயின. ஒரு ஓரத்தில் மங்கலாக ஒரு நீல லைட்டை விட்டிருந்தால் போதும். நாலு பிள்ளைகள் ஒத்திகைக்கு வந்திருந்தால் அது முதல் நாளே தெரிந்திருக்கும்.

க்ளைமாக்ஸில் குளம் திரும்பக் கிடைக்கும். அதற்கென்று நல்ல நீலத் துணி வாங்கியிருந்தோம். சாயங்காலக் காட்சி என்பதால் சிவப்பு லைட். சிவப்பு வெளிச்சத்தில் நீலம் கறுப்பாகத் தெரியும் என்பது பள்ளிக்கூடப் பாடம். ஆனால் அந்தத் துணியும் அந்த லைட்டும் ஒன்றாகச் சேர்ந்ததே மேடையில்தான். எங்கள் ஒத்திகை க்ளைமாக்ஸ் வரை போகவே இல்லையே! மிருகங்கள் எல்லாம் “தண்ணி! தண்ணி!” என்று ஒரு கறுப்புத் துணியைச் சுற்றி ஆடின. ஒரு பையன் எழுந்து நின்று “அது சாக்கடை!” என்றான். அவன் மேல் தப்பே இல்லை.

கரடியின் முதுகு ஜிப் நடுவில் திறந்துகொண்டது. “கரடிக்குள்ள அக்கா இருக்காங்க!” என்று ஒரு குட்டிப் பெண் கண்டுபிடித்துச் சொன்னாள். அதற்குத்தான் அன்றைக்கே பெரிய கைத்தட்டல்.

முடிந்ததும் விழாக் குழுவில் ஒரு சார் வந்து தோளைத் தட்டினார். “சூப்பர்மா, பசங்க என்ன சத்தம், நல்லா என்ஜாய் பண்ணாங்க!” அந்தச் சத்தத்தில் பாதி பயம், மீதி எங்களைத் திருத்திய சத்தம் என்று அவருக்கு எப்படிச் சொல்வது? சரிங்க சார் என்றேன். கரடித் தலையைச் சாயங்காலத்துக்குள் கடையில் கொடுக்காவிட்டால் மூன்றாவது நாள் வாடகை ஏறிவிடும்.

அடுத்த வருடத்துக்கு இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டேன், முதல்வர் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது. முதல் நாள் மதியம் ஹால் சாவி எங்கள் கையில். மைக்கும் லைட்டும் இரண்டு நாள் வாடகைக்கு. போட்டோ எடுக்கிறவர்கள் ஒத்திகை முடிந்த பிறகு வரலாம், ரீல்ஸும் அப்படியே. முன்வரிசையில் பத்துப் பிள்ளைகள், அவர்களுக்கு பிஸ்கட்டும் ஜூஸும். பொன்னாடை ஒத்திகையை முதல்வர் அறையில் வைத்துக்கொள்ளட்டும், அங்கே இடம் தாராளம்.