பச்சை விளக்கு எரிந்தால் கேஸ் டிடெக்டர் வேலை செய்கிறது என்று அர்த்தமா?

"பச்சை விளக்கு எரிகிறது, பேனலில் (ரீடிங்கைக் காட்டி அலாரம் அடிக்கும் பெட்டியில்) 0 காட்டுகிறது என்றால் கேஸ் டிடெக்டர் சரியாக இருக்கிறது, வாயு விட்டுச் சோதிக்கத் தேவையில்லை" என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. இது தவறு, ஆபத்தானதும்கூட.

கரண்ட் வருகிறது, கருவி தானாகக் கண்டுபிடிக்கக்கூடிய கோளாறு எதுவும் இல்லை. பச்சை விளக்கு சொல்வது அவ்வளவுதான். எரியும் வாயுவுக்குப் பரவலாகப் பொருத்தப்படும் வினையூக்கி வகை சென்சாரை (வாயுவை உள்ளே எரித்து, அந்தச் சூட்டை வைத்து அளப்பது) எடுத்துக்கொள்வோம். பக்கத்தில் யாராவது சிலிக்கோன் ஸ்ப்ரே அடித்தால், அந்த ஆவி உள்ளே வாயுவை உணரும் பாசிமணி போன்ற சின்ன மணியில் படிந்து அதைச் செயலிழக்கச் செய்துவிடலாம். அப்போதும் பேனலுக்கு 4 மில்லியாம்பியர் மின்னோட்டம், அதாவது 0 என்பதற்கான சிக்னல், போய்க்கொண்டுதான் இருக்கும். சுத்தமான காற்றிலும் அதே 4தான். வயர் அறுந்தால் பேனல் கண்டுபிடித்துவிடும். மணி செத்துப்போனால் அதற்குத் தெரியாது. அப்புறம் நிஜமாகவே வாயு கசியும்போது அலாரம் அடிக்காது.

அதனால், அளவு தெரிந்த வாயுவை சென்சார் மேல் விட்டு, ரீடிங் ஏறுகிறதா, அலாரம் அடிக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதைக் கருவியின் கையேட்டில் பாருங்கள். பராமரிப்பு பற்றி ஐஇசி (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) வெளியிட்ட 60079-29-2 தரநிலையிலும் இருக்கிறது. அந்தச் செய்தியைத் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அதே குழுவில் இந்த விளக்கத்தையும் போட்டுவிடுங்கள்.